போட்டி வசதி

ஜெராக்ஸ் கடைக்காரன் எதையும் படிக்க மாட்டான்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. நாங்களும் அதைக் கெடுத்துக்கிறதில்லை. வீட்டுப் பத்திரமோ, விவாகரத்து நோட்டீஸோ, எது வந்தாலும் கண்ணாடி மேல குப்புறப் படுக்க வச்சு, மூடியைச் சாத்தி, பச்சை பட்டனை அமுக்கிட்டு எங்கேயோ பார்த்துக்கிட்டு நிப்போம். ஆனா பேப்பர் சூடா வெளியே வரும்போது கண்ணு சும்மா இருக்குமா? எங்க ஊருப் பாலத்தோட நானூத்திப் பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நான்தான். அதுல கையெழுத்துப் போட்டவங்க படிக்கலைங்கிறது உங்களுக்கே போகப் போகத் தெரியும்.

என் கடைக்கு ஒட்டின கடை டைலர் அண்ணனோடது. அவர் வீடு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டு வாசல்ல இருந்து கடை வாசலுக்குப் பதினெட்டு எட்டு. அண்ணி எண்ணிச் சொன்ன கணக்கு. காலையில சமையலை முடிச்சு, டிபன் கேரியரைத் தூக்கிக்கிட்டு, ரெண்டு பக்கமும் பார்த்து, பதினெட்டு எட்டு வச்சு வந்து உட்கார்ந்துடுவாங்க. அண்ணன் வெட்டுவாரு, தைப்பாரு. அண்ணி பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பாங்க, பட்டன் வைப்பாங்க. இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, நாள் முழுக்கச் சண்டை. நூல் எங்க வச்சே, கத்தரியை யாரு எடுத்தா, போன வருஷம் உங்க தம்பி என்ன பேசினாரு. அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வேலை ஓடாது.

அப்புறம் ஊரு வளர ஆரம்பிச்சுச்சு. வளரட்டும், யாரு வேண்டாம்னா? ரோட்டை ஆறு வழியாக்கி, நடுவுல தலை உசரத்துக்கு இரும்பு வேலி போடப் போறதாச் சொன்னாங்க. நடந்து போறவன் எப்படிய்யா அந்தப் பக்கம் போவான்னு கேட்டதுக்கு, பொது தனியார் பங்களிப்புல நடைமேம்பாலம் வருதுன்னாங்க.

"பொது தனியார் பங்களிப்புன்னா என்ன தம்பி?"ன்னு டைலர் அண்ணன் கேட்டாரு.

"ரோடு நம்மளோடது, பாலம் கம்பெனியோடது, நஷ்டம் வந்தா திரும்பவும் நம்மளோடது"ன்னேன்.

"நல்ல ஏற்பாடா இருக்கே"ன்னாரு. மனுஷன் அப்படித்தான். கத்தரி பிடிச்ச கையில வேற எதுவும் வெட்டத் தெரியாது.

பாலம் வந்துச்சு. ஏற எழுபத்திநாலு படி, இறங்க எழுபத்திநாலு படி. லிஃப்டும் உண்டு. அதாவது லிஃப்டுக்குக் கதவு உண்டு. கதவுக்குப் பின்னால சுவர். லிஃப்ட் இரண்டாம் கட்டத்துல வருமாம். லிஃப்ட் வரலையே தவிர, அதை எப்படிப் பராமரிக்கணும்னு அறுபது பக்கக் கையேடு முதல் கட்டத்துலயே வந்துடுச்சு. நான்தான் அதுக்கு ஆறு செட் ஜெராக்ஸ் போட்டேன்.

பாலத்தைக் கவனிச்சுக்கிட்டது மாநகராட்சி இன்ஜினியர். திறப்பு விழாவுக்குன்னே டைலர் அண்ணன்கிட்ட ஒரு கிரீம் கலர் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாரு. அண்ணன் தைச்சு முடிச்ச அன்னிக்கு வேலி எழும்பிடுச்சு, அண்ணி அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க, சட்டை காஜா இல்லாம தொங்குச்சு. இன்ஜினியர் அவசரத்துல அதையே மாட்டிக்கிட்டுப் போயி, நெஞ்சுல கையை வச்சுப் பிடிச்சுக்கிட்டே இருபது நிமிஷம் பேசினாரு. உணர்ச்சிவசப்பட்டுட்டாருன்னு மறுநாள் பேப்பர்ல போட்டாங்க. பட்டன் இல்லைங்கிறது எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும்.

பாலம் திறந்த மறுநாள் அண்ணி டிபன் கேரியரோட ஏறினாங்க. முப்பத்தோராவது படியில முழங்கால் பிடிச்சுக்கிச்சு. அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. டைலர் அண்ணன் ஓடிப் போயி கைத்தாங்கலா இறக்கிட்டு வந்தாரு. இனிமே படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு அனுப்பிட்டாரு. வேலி முடியற இடம் நாலு கிலோமீட்டர் தள்ளி. தினமும் ஆட்டோவுல சுத்தி வந்தா, ஆட்டோக்காரருக்குத்தான் காஜா எடுக்கணும்.

அன்னியில இருந்து பக்கத்துக் கடையில சண்டைச் சத்தம் இல்லை. அண்ணன் மெஷினை மிதிக்கிறது மட்டும் கேட்கும். அதுவும் நடுவுல நின்னுடும். எட்டிப் பார்த்தா, வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசல்ல அண்ணி முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாங்க. இவரு இங்கிருந்து பார்ப்பாரு. நடுவுல ஆறு வழியிலயும் வண்டி பறக்கும். மெஷின்ல காஜா போடறவன் ரெண்டு தெரு தள்ளி இருக்கான், அவன்கிட்டக் கொடுங்களேன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். என்னமோ ரெண்டாம் கல்யாணம் பண்ணச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாரு.

கடைசியில ஒரு மனு எழுதினோம். அண்ணன் சொன்னாரு, நான் எழுதினேன். 'வேலியில் இரண்டு அடி இடைவெளி விட்டால் என் மனைவி கடைக்கு வருவாள்.' அவ்வளவுதான் மனு. மாநகராட்சியில, மூணு காப்பி வேணும், பக்கத்துல எங்கேயாவது ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினாங்க. எடுத்துக் கொடுத்தோம். இன்ஜினியர் கூப்பிட்டாரு. துணைக்கு நானும் போனேன்.

"உங்க மனுவைப் படிச்சேன். ரெண்டு அடி. படிக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு"ன்னாரு இன்ஜினியர். "ஆனா ஒப்பந்தத்துல பதினேழாவது பிரிவு இருக்கு. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கிலோமீட்டருக்கு, மாநகராட்சி எந்தப் போட்டி வசதியும் செய்து தரக் கூடாது. நீங்க கேட்கிற இடைவெளி ஒரு போட்டி வசதி."

"ஐயா, இடைவெளின்னா ஒண்ணும் இல்லாததுதானே. ஒண்ணும் இல்லாதது எப்படிப் போட்டி போடும்?"ன்னாரு அண்ணன்.

"அங்கதான் ஆபத்தே. நாங்க இவ்வளவு முதலீட்டுல கட்டினதை, ஒண்ணும் இல்லாதது ஜெயிச்சுடும்"ன்னாரு இன்ஜினியர். சொன்னது என்னன்னு அவருக்கே உறைக்கலை. டீ வரவழைச்சுக் கொடுத்தாரு.

பிரச்சினை பதினேழாவது பிரிவு மட்டும் இல்லை. பதினெட்டாவது பிரிவுதான் அதுக்கு அப்பன். ஒரு நாளைக்குப் பதினோராயிரத்து நானூறு தடவை ஆளுங்க பாலத்தைக் கடக்கணும். குறைஞ்சா, குறைஞ்ச ஒவ்வொரு ஆளுக்கும் மாநகராட்சி கம்பெனிக்கு ஈடு கட்டணும். வருஷத்துக்கு எட்டு சதவீதம் கூடும், ஏன்னா ஊரு வளருதாம். கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். இருபத்தஞ்சாவது வருஷத்துல எழுபத்தெட்டாயிரம். எங்க வட்டத்துல கைக்குழந்தையைச் சேர்த்தும் ஆறாயிரம் பேர்தான். ஆளுக்குப் பதிமூணு தடவை, தொட்டில்ல கிடக்கிறது உட்பட.

பதினோராயிரத்து நானூறு எங்கிருந்து வந்துச்சு? பின்னிணைப்பு நாலுல தேதி போட்டிருந்துச்சு. ஆலோசகர் ஒருத்தர் குடையை விரிச்சு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கத் தலையை எண்ணியிருக்காரு. அந்தத் தேதியை மறப்பேனா? அன்னிக்குத்தான் வீட்டுப் பக்கம் குடிதண்ணிக் குழாய் உடைஞ்சு, அந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் பக்கெட்டும் குடமுமா இந்தப் பக்கம் அலைஞ்சுது. குழாய் உடைஞ்ச நாளைத்தான் மனுஷன் ஊரோட தினசரி வழக்கம்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

அண்ணன் இதை வீட்டுல சொன்னதும், "அன்னிக்கு நான் குடத்தோட பதினோரு நடை போனேன். போக வர இருபத்திரண்டு. என்னையும் எண்ணித்தான் என்னை அடைச்சாங்களா?"ன்னு கேட்டாங்களாம் அண்ணி. அப்பவே ஒரு சபதமும் பண்ணிட்டாங்க. "எனக்கு வழி விடற வரைக்கும் அந்த இன்ஜினியர் சட்டைக்கு ஓட்டை கிடையாது."

நிஜத்துல பாலத்துல நடந்தது ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். மாநகராட்சிக்குக் கிலி பிடிச்சுடுச்சு. முதல்ல பஸ் நிறுத்தத்தை மாத்தினாங்க. வடக்கே போறவன் தெற்குப் பக்கம் இறங்கி, பாலம் ஏறி, அந்தப் பக்கம் அடுத்த பஸ் பிடிக்கணும். அப்புறம் பிறப்புச் சான்றிதழ் ஆபீஸைப் பிரிச்சாங்க. விண்ணப்பம் இந்தப் பக்கம், கையெழுத்து அந்தப் பக்கம், சீல் திரும்ப இந்தப் பக்கம். சீல் சரியா விழலைன்னா முதல்ல இருந்து. ஒரு அப்பன் குழந்தை பிறந்ததுக்குச் சான்றிதழ் கேட்டுப் போயி, குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் அதையும் கூட்டிட்டுப் போனான். ரெண்டு பேரா எண்ணினாங்க.

அதுவும் பத்தலைன்னதும், மாநகராட்சி ஊழியர் ஒவ்வொருத்தரும் தினமும் பத்துத் தடவை பாலம் ஏறி இறங்கணும்னு சுற்றறிக்கை. கோப்பு கையில இருந்தா அது அலுவல் பயணம். ஒரு குமாஸ்தா ஆறு மாசத்துல எட்டு கிலோ இளைச்சுட்டாரு. அதைப் 'பொதுச் சுகாதாரப் பயன்'னு அறிக்கையில சேர்த்தாங்க.

இவ்வளவு ஆள் பஞ்சத்துலயும் டைலர் அண்ணனை மட்டும் நிம்மதியா நடக்க விடலை. காஜா எடுக்கச் சட்டை மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாலத்துல போனாரு. மேல ஆளை எண்ணற ஒரு சுழல்கதவு, பக்கத்துல காவலாளி.

"விற்பனைச் சரக்கு கொண்டு போகக் கூடாது. அதுக்கு வேற வகைக் கட்டணம். கட்டணம் இன்னும் முடிவாகலை"ன்னாரு காவலாளி.

"இது சரக்கு இல்லைங்க, சட்டை."

"போட்டிருந்தாத்தான் சட்டை. மூட்டையில இருந்தா சரக்கு."

அண்ணன் யோசிச்சாரு. மறுநாள் ஆறு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு, ஒண்ணுக்கும் பட்டன் இல்லாம, உச்சி வெயில்ல எழுபத்திநாலு படி ஏறினாரு. சுழல்கதவுல மாட்டிக்கிட்டாரு. முன்னாலயும் போகலை, பின்னாலயும் வரலை. பின்னால கோப்போட நின்ன ஊழியர்கள் முப்பது பேரும் சேர்ந்து தள்ளினதுல கதவு நாலு சுத்து சுத்தி அவரை நாலு ஆளா எண்ணிடுச்சு. அன்னியில இருந்து ஒரு ஆளுக்கு ஒரு சட்டைன்னு போர்டு மாட்டிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் கயிறு. எங்க ரெண்டு கடைக்கும் மேல மொட்டை மாடி. அவர் வீட்டுக்கும் மொட்டை மாடி. கிணத்துக் கப்பி ரெண்டு வாங்கி, ஒரு நைலான் கயிறு கட்டினோம். இங்கிருந்து காஜா இல்லாத சட்டை பையில போகும், அங்கிருந்து டிபன் கேரியர் வரும், சாயங்காலம் காஜா எடுத்த சட்டை வரும். கூட ஒரு துண்டுச் சீட்டும் வரும். 'மூணாவது சட்டைக் காலர் கோணல். குருடா நீங்க?' அதைப் படிச்சுட்டு அண்ணன் சிரிச்சாரு பாருங்க, எத்தனையோ மாசத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாரு.

சிரிப்பு ஒன்பது நாள். பத்தாம் நாள் கம்பெனி நோட்டீஸ். கயிறு ஒரு போட்டி வசதி.

விசாரணையை மாநகராட்சிக் கூட்ட அறையில வச்சாங்க. ஏசி குளிர்ல பல்லு தந்தி அடிச்சுது. நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணி பாட்டில், சுவர்ல எங்க கயித்தோட படம் பெருசா. கம்பெனி மேனேஜர் எழுந்தாரு. நல்ல மனுஷன், எல்லாரையும் கும்பிட்டுட்டுத்தான் கழுத்தை அறுப்பாரு.

"நாங்கள் மக்களுக்கு எதிரிகள் அல்ல. மக்கள் நடக்க வேண்டும், ஆரோக்கியமாக வாழ வேண்டும் என்பதே எங்கள் கனவு. இந்தக் கயிறு மக்களைச் சோம்பேறி ஆக்குகிறது. இன்று ஒரு டிபன் கேரியர் போகும். நாளை எல்லா டிபன் கேரியரும் போகும். பிறகு எங்கள் பாலத்தில் யார் நடப்பார்கள்?"

இன்ஜினியருக்கு வேற யோசனை. அவர் கவலை எண்ணிக்கை. "ஒரு பைக்குப் பன்னிரண்டு சட்டை. அதைப் பன்னிரண்டு கடப்புன்னு வச்சுக்கலாமே? பற்றாக்குறை கொஞ்சம் குறையும்."

"சட்டைக்குள்ள ஆள் இல்லையே சார்"ன்னாரு மேனேஜர்.

"இப்ப இல்லை. வரப் போறாரு. எதிர்காலப் பயனாளர். ஒப்பந்தம் முழுக்க எதிர்காலக் கணக்குதானே?"

ஒரு சட்டை மனுஷனா இல்லையான்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க. அரைக் கை சட்டையைப் பாதி ஆளா எடுத்துக்கலாம்னு ஒருத்தர் சமரசம் சொன்னாரு. கடைசியில, சட்டை மனிதர் அல்ல, ஆனா கயிறு பாலமே, அதனால கயித்தை அவிழ்க்கணும்னு முடிவு. எல்லாரும் எழுந்தப்பதான் டைலர் அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு ஞாபகம் வந்து, நீங்க ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க.

அண்ணன் எழுந்தாரு. கழுத்துல டேப் அப்படியே தொங்குது. "ஐயா, என் வீட்டுக்காரி கடைக்கு வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"ன்னாரு.

கூட்டக் குறிப்பு என் கடைக்குத்தான் ஜெராக்ஸுக்கு வந்துச்சு. 'பயனாளர் பிரதிநிதி திட்டத்தை வரவேற்றுப் பேசினார்'னு இருந்துச்சு. இப்படித்தான் டைலர் அண்ணன் பயனாளர் பிரதிநிதி ஆனாரு. அன்னிக்கே கயித்தை அவிழ்த்தோம். அண்ணி அந்தப் பக்க மாடியில நின்னு கயிறு சுருண்டு போறதையே பார்த்தாங்க. பார்த்துட்டு இறங்கிப் போயிட்டாங்க.

பாலத்துக்கு ஒரு வயசு ஆச்சு. அமைச்சர் வர்றாருன்னாங்க. மேடை வீட்டுப் பக்கம், கல்வெட்டு எங்க கடைப் பக்கம். அமைச்சர் மேடையில பேசிட்டு, பாலத்துல நடந்து வந்து, கல்வெட்டைத் திறக்கணும். எல்லாம் பிரமாதமா போட்டிருந்தாங்க, ஒண்ணைத் தவிர. அமைச்சருக்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் பண்ணினது. படியை அண்ணாந்து பார்த்தாரு. இன்ஜினியரைப் பார்த்தாரு. இன்ஜினியர் நெஞ்சுல கை வச்சுக்கிட்டு நின்னாரு, அதே கிரீம் கலர் சட்டை.

"லிஃப்ட் எங்கே?"

"இரண்டாம் கட்டத்துல இருக்குங்க ஐயா."

கார்ல சுத்தி வரலாம்னா, கூட்டத்துக்காக ரோட்டையே அடைச்சதுல நாலு கிலோமீட்டருக்கு வண்டி நிக்குது. கம்பெனி மேனேஜரும் இன்ஜினியரும் ஓரமாப் போயி ஒப்பந்தத்தைப் புரட்டினாங்க. பத்தே நிமிஷத்துல வழி கிடைச்சுடுச்சு. பாதசாரின்னா யாருன்னு விளக்கம் இருக்கிற பக்கத்துல அமைச்சர் இல்லை. அமைச்சர் பாதசாரியே இல்லைன்னா, அவரு நடக்கிற வழி போட்டி வசதி ஆகாது. வெல்டரைக் கூப்பிட்டாங்க. வேலியில ரெண்டு அடி வெட்டினாரு. அளந்து, சரியா ரெண்டே அடி.

அமைச்சர் நடந்தாரு. பின்னால அதிகாரிங்க, அவங்களுக்குப் பின்னால அண்ணி. ஒரு கையில டிபன் கேரியர், ஒரு கையில காஜா நூல் டப்பா.

போலீஸ்காரர் மறிச்சாரு. "யாரும்மா நீங்க?"

"கூட வர்றேன்."

"யாரு கூட?"

"அதோ, அவரு கூட"ன்னு அண்ணி நேரா கையைக் காட்டினாங்க. போலீஸ்காரர் அமைச்சரோட முதுகைப் பார்த்துட்டு வழி விட்டுட்டாரு. அண்ணி காட்டினது, கடை வாசல்ல கழுத்துல டேப்போட வாயைப் பிளந்து நின்ன எங்க டைலர் அண்ணனை.

கல்வெட்டைத் திறந்துட்டு அமைச்சர் மைக்கைப் பிடிச்சாரு. "இந்தச் சாலையை இதோ இப்போது கடந்து வந்தேன். எத்தனை நிமிடம்? அரை நிமிடம்! களைப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை. இந்த வசதியைத்தான் நாங்கள் மக்களுக்குக் கொடுத்திருக்கிறோம்!" எல்லாரும் கை தட்டினாங்க. பாலம் தலைக்கு மேல சும்மா நின்னுச்சு.

நான் அதையெல்லாம் கேட்கலை. பக்கத்துக் கடையைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.

"முப்பத்தோரு எட்டு. ரோடு அகலமானதுல பதிமூணு எட்டு கூடிடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே அண்ணி தன்னோட முக்காலியில உட்கார்ந்தாங்க. மேல இருந்த சட்டையை எடுத்து விரிச்சாங்க. "என்னங்க இது, தோள்பட்டையை இப்படி இறக்கி வெட்டியிருக்கீங்க? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"வந்ததும் ஆரம்பிச்சுட்டியா?"ன்னாரு அண்ணன். சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாரு. மெஷின்ல பேப்பர் சிக்கின மாதிரி நான் குனிஞ்சுக்கிட்டேன்.

போற போக்குல அமைச்சர், மூணு மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல வந்து ஆய்வு செய்வேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வெட்டினதை ஒட்டப் பதினொரு கையெழுத்து, மறுபடி வெட்டப் பதினொரு கையெழுத்து. எதுக்கு வம்புன்னு அந்த ரெண்டு அடிக்கு ஒரு கதவு போட்டு, பூட்டும் போட்டு, 'மாண்புமிகு கதவு'ன்னு எழுதிட்டாங்க. கதவு பொருத்த மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் அண்ணி வீட்டுக்குப் போகலை. போனா வர முடியாதுன்னு கடையிலேயே துணி மூட்டைக்கு நடுவுல இருந்துக்கிட்டு அறுபத்தேழு சட்டைக்குக் காஜா எடுத்தாங்க. இன்ஜினியர் சட்டை மட்டும் ஆணியில தொங்குச்சு. விழா முடிஞ்ச கையோட அதை அவிழ்த்துக் கொடுத்து, அடுத்த விழாவுக்காவது முடிச்சுடுங்கன்னு கெஞ்சிட்டுப் போயிருந்தாரு.

சாவி யார்கிட்ட இருக்கிறது? கதவுக்குப் பத்து மீட்டருக்குள்ள பொறுப்பான ஆள் வேணும். பயனாளர் பிரதிநிதி இருக்காரே! சாவியையும், மூணு காப்பியில கையெழுத்தும், பராமரிப்புக் கையேடும் கொடுத்தாங்க. அண்ணன் கையேட்டை என்கிட்டக் கொண்டு வந்தாரு.

"இதுல என்ன போட்டிருக்கு தம்பி? தப்புத் தண்டா ஆயிடக் கூடாது."

பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. அதே அறுபது பக்கம். வராத லிஃப்டோட கையேடு. புதுசா எழுதச் சோம்பல்பட்டு, லிஃப்டுன்னு வந்த இடத்துல எல்லாம் கதவுன்னு மாத்திட்டாங்க. 'கதவு இரு தளங்களுக்கு இடையே நின்றுவிட்டால் பயணிகள் பதற்றமின்றி உள்ளிருக்கும் மணியை அழுத்தவும்'னு இருந்துச்சு. கீழே கம்பெனி மேனேஜர் கையெழுத்து, இன்ஜினியர் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம்.

இருபத்தி ரெண்டாம் பக்கத்தைச் சத்தமா படிச்சேன். 'கதவை நாள்தோறும் காலையும் மாலையும், எட்டு நபர்களை ஏற்றி, குறைந்தது பத்து முறை இயக்கிச் சோதிக்க வேண்டும். சோதனை செய்பவர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். சோதனை தவறினால் அபராதம்.'

"அய்யோ, அபராதமா? எட்டு பேருக்கு நான் எங்க போவேன்?"ன்னாரு அண்ணன். நிஜமாவே பயந்துட்டாரு.

"வீட்டுல இருந்து ஆரம்பிங்க"ன்னேன்.

மறுநாள் காலையில அண்ணி முதல் கையெழுத்து. நான் ரெண்டாவது. அந்தப் பக்கத்துல இருந்து பஸ்ஸுக்கு வந்த ஆறு பேரைக் கூப்பிட்டு, கொஞ்சம் சோதிச்சுட்டுப் போங்களேன்னு அண்ணன் கெஞ்சினாரு. சோதிச்சாங்க. அதுக்கடுத்த நாள் கூப்பிடாமலே நாப்பது பேர் வந்தாங்க. ஒரே மாசத்துல ரெண்டு பக்கமும் வரிசை நின்னுச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க, பெட்டியோட வேலைக்குப் போறவங்க, சான்றிதழுக்கு அலையற அப்பன்மாரு, எல்லாரும் பாதுகாப்புச் சோதனை. சைகை விளக்கு மாதிரி அண்ணன் ஒரு சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் வச்சுக்கிட்டு வண்டிகளை நிறுத்தி வழி விட்டாரு. கடையில துணிக்கா பஞ்சம்? பாலம் ஏறி ஏறி இளைச்ச குமாஸ்தாவும் வந்தாரு. அவர் பதிவேட்டுல கையெழுத்து மட்டும் போடலை, கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

கம்பெனி பொறுக்குமா? மறுபடி கூட்ட அறை, மறுபடி தண்ணி பாட்டில். "ஒரு நாளைக்கு ஆறாயிரம் சோதனை! இது சோதனையா?"ன்னு மேனேஜர் முதல் தடவையா கும்பிடாம கத்தினாரு.

இன்ஜினியர் கையேட்டைத் தள்ளினாரு. "குறைந்தது பத்துன்னுதான் இருக்கு. அதிகபட்சம் போடலையே. கையெழுத்து உங்களோடது, உங்க சோதனையால பாலத்துல குறைஞ்ச ஆளுக்கு எங்ககிட்ட ஈடு கேட்க முடியாது. சோதனையை நிறுத்தச் சொல்றேன். நாளைக்கு மாண்புமிகு அமைச்சர் வர்றப்போ கதவு திறக்கலைன்னா யாரு பொறுப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க." மேனேஜர் பேனாவைத் திறந்தாரு, மூடினாரு. நிறுத்தினா அபராதம், நிறுத்தாட்டி நஷ்டம். அந்த வருஷ அறிக்கையில, நாட்டிலேயே மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் கூட்டுத் திட்டச் சொத்துன்னு எங்க கதவோட படத்தைத்தான் போட்டாங்க.

இன்னொண்ணும் கையேட்டுல இருந்துச்சு. பதிவேட்டுல 'குறைபாடு'ன்னு ஒரு கட்டம். அதுல எதை எழுதினாலும் ஏழு நாளைக்குள்ள கம்பெனி சரி செய்யணும். ஒரு நாள் காலையில அண்ணி கையெழுத்துப் போட்டுட்டுப் பேனாவைக் கீழே வைக்கலை. கட்டத்துல எழுதினாங்க. 'குறுகலா இருக்கு. இன்னும் ரெண்டு அடி வேணும்.' முதல் மனு கொடுத்துப் பதினாலு மாசம் ஆகியிருந்துச்சு. இதுக்கு ஏழாம் நாள் வெல்டர் வந்து நின்னாரு.

வெல்டர் அகலப்படுத்தறதைப் பார்க்க இன்ஜினியரும் வந்தாரு. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு, கதவைச் சோதிச்சு இந்தப் பக்கம் வந்து, டைலர் கடை வாசல்ல தயங்கித் தயங்கி நின்னாரு. ஆணியில அந்தக் கிரீம் கலர் சட்டை.

"அம்மா, அடுத்த வாரம் விருது கொடுக்கறாங்க. மேடை ஏறணும். என் சட்டைக்குக் காஜா..."

அண்ணி ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே நிமிர்ந்து பார்த்தாங்க.

"எடுத்துடலாம் சார். ஒரு மனு எழுதிக் கொடுங்க. மூணு காப்பி வேணும், பக்கத்துக் கடையில ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க."